சிவப்புத் தண்ணீர் ஓடிய கூடம்

முலஞ்சே மலையடிவாரத்து நம்போலா ஊரில் எலூபி நசோலோவைத் தேடிப் போகிறவர்கள் "சவேரியோவின் மருமகள் வீடு எது" என்று கேட்டால்தான் வழி கிடைக்கும். அங்கே பிள்ளைகள் தாய்வழிக் கணக்கு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் ஊருக்கு வரவேண்டும். தாய்மாமன் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. எலூபியின் அம்மா காய்ச்சலில் போனபோது எலூபி பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதற்குப் பிறகு அவளை மிஷன் பள்ளிக்கு சைக்கிள் பின்னால் வைத்துக் கொண்டுபோய் விட்டதும், ப்ளாண்டயர் நகரத்துக்குக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பியதும் அம்மாவின் கூடப்பிறந்த சவேரியோ மாமாதான். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று தெரியாது. "தட்டச்சு மாதிரி ஏதோ" என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

படித்து முடித்தவள் நகரத்திலேயே தங்கிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வேலை அவளைத் தேடிக்கொண்டு ஊருக்கே வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தன் பழைய சூப்பர் கம்ப்யூட்டரைக் கழற்றி இந்த நாட்டுக்குக் கொடுத்தது. தலைநகரில் வைக்கலாம் என்றால் அங்கே பாதிநாள் மின்சாரம் இருப்பதில்லை. நம்போலாவுக்கு மேலே விவசாயக் கல்லூரி ஒன்று இருந்தது. மலையிலிருந்து இறங்கும் ஆற்றில் அந்தக் கல்லூரிக்கென்றே சின்ன மின்நிலையம் உண்டு. மலைக்காற்றும் குளிர்ச்சி. அதனால் ஆளுயர இரும்பு அலமாரிகளாக அந்த இயந்திரம் லாரியில் வந்து கல்லூரியின் பழைய தானியக் கிடங்கில் இறங்கியது. ஊர் அதைக் "கூடம்" என்று சொன்னது. நாட்டின் மூலைமுடுக்குக் கல்லூரிகளிலிருந்து பிள்ளைகள் அங்கே பயிற்சிக்கு வந்தார்கள். அவர்களுக்கு முதல் பாடம் எடுப்பதும், இயந்திரம் சூடேறாமல், நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதும் எலூபியின் வேலை.

இயந்திரம் சூடேறாமலிருக்க அலமாரிகளின் முதுகில் குழாய்கள் ஓடின. அவை சுவரைத் துளைத்து வெளியே போய், பெரிய காற்றாடிகளுக்குக் கீழே ஆறி, மறுபடி உள்ளே வந்தன. குழாயில் ஓடியது வெறும் தண்ணீரல்ல, குளிர்விக்கும் மருந்து கலந்த தண்ணீர். கசிந்தால் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று அதைத் தயாரித்தவர்கள் சாயம் போட்டிருந்தார்கள். நல்ல சிவப்பு. எலூபிதான் அதைப் பீப்பாயிலிருந்து ஊற்றி நிரப்புவாள். அந்த நிறத்தைப் பற்றி அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

கூடத்தில் நடந்த வேலைகளில் ஒன்று மலேரியா ஆராய்ச்சி. எந்த மாத்திரைக்கு இந்தப் பக்கத்துக் காய்ச்சல் அடங்குவதில்லை என்று கண்டுபிடிக்க, சுகாதார நிலையத்தார் பள்ளிப் பிள்ளைகளின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் ப்ளாண்டயர் போகும். அங்கே அதிலுள்ள கிருமியைப் படித்து எழுத்துகளாக்கி அனுப்புவார்கள். அந்தக் கோடிக்கணக்கான எழுத்துகளை இந்த இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும். ஊர்க்கூட்டத்தில் நர்ஸ் அதைச் சுருக்கமாகச் சொன்னாள்: "உங்க பிள்ளைங்க ரத்தத்தை நம்ம கூடத்து மெஷின்லயே ஆராயப்போறாங்க." அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். எலூபியும் தட்டினாள்.

அடுத்த வருஷம், மழைக்கு முந்தின வெயில் காலத்தில், நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது. ரத்தம் உறிஞ்சுகிறவர்கள் திரிகிறார்கள் என்றார்கள். தூங்குகிறவர்கள் மேல் ஏதோ புகையை விட்டு மயக்கி, ஊசி போட்டு எடுத்துக்கொண்டு போகிறார்களாம். வீடுகளில் சோளமாவு தீர்ந்துகொண்டிருந்த காலம். மாங்காயை வேகவைத்துச் சாப்பிட்டுப் படுத்தவர்கள் காலையில் தலைசுற்றி எழுந்தார்கள். தலைசுற்றியவர்கள் எல்லோரும் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெண்ணின் கையில் புள்ளி இருந்தது என்ற செய்தி வந்த அன்று, நம்போலாவின் ஆண்கள் தடியோடு பாதையில் உட்கார ஆரம்பித்தார்கள்.

எலூபி படித்தவள்தான். ஆனாலும் புருஷன் ப்ளாண்டயரில் வேலையாக இருந்த அந்த நாட்களில், தினமும் காலையில் மகன் அல்ஃபியோவை எழுப்பும்போது அவன் கழுத்தையும் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னம்மா தேடுற?" என்று அவன் கேட்டான். "அழுக்கு" என்றாள்.

அடிபம்பில் ஒருநாள் அவள் வாளியோடு போனதும் பேச்சு நின்றது.  கடைசியில் மார்கிதா என்ற பெண் வாயைத் திறந்தாள். எலூபியோடு ஒரே பெஞ்சில் படித்தவள்.

"ஏன் எலூபி, உங்க கூடத்துல ராத்திரியெல்லாம் செவப்பு லைட்டு எரியுதாமே?"

"பச்சையும் எரியுது. வந்து பாரேன்."

"நான் வரல தாயி. எனக்கு ஒடம்புல இருக்கறதே கொஞ்சம் ரத்தம்."

ரெண்டு பேர் சிரித்தார்கள். மார்கிதா சிரிக்கவில்லை. "என் பொண்ணு விரல்ல குத்தி எடுத்தாங்களே, அது எங்க போச்சு?"

"ப்ளாண்டயருக்கு."

"அப்புறம்?"

எலூபி வாளியைப் பம்புக்குக் கீழே வைத்தாள். "அப்புறம் இங்க வந்துச்சு. ரத்தமா இல்ல, கணக்கா."

"கணக்கா வந்துச்சாம்" என்றாள் மார்கிதா, மற்றவர்களைப் பார்த்து. "ரத்தமா போயி கணக்கா வந்துச்சாம். கேட்டுக்கங்க."

அன்று எலூபி பாதி வாளித் தண்ணீரோடு வீட்டுக்குத் திரும்பினாள். வாளி நிறையும்வரை அவள் அங்கே நிற்கவில்லை.

பக்கத்து ஊரில் ரத்தம் உறிஞ்சுகிறவர் என்று சொல்லி ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டைக் கொளுத்தினார்கள் என்ற செய்தி வந்த காலையில், கூடத்தின் தலைவர் டாக்டர் கோண்ட்வே வேனை வாசலில் நிறுத்தினார். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் மூட்டையோடு முண்டியடித்து ஏறினார்கள். துசெகிலே என்ற பெண் மட்டும் அதில் இல்லை. நாட்டின் வடகோடியில் கரோங்காவிலிருந்து வந்தவள். மலேரியா வந்து விடுதியில் தனியாகக் கிடந்தவளை எலூபிதான் முந்தின நாள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்திருந்தாள்.

"அவளைக் கூட்டிட்டு வர அரைமணி ஆகும், சார்."

டாக்டர் பாதையைப் பார்த்தார். அவருடைய சட்டைக் காலர் நனைந்திருந்தது. "அரைமணியில ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டுடுவாங்க. போலீஸ்கிட்ட சொல்லி வேற வண்டி அனுப்பறேன். எல்லாத்தையும் நிறுத்திட்டு நீயும் எங்கயாவது போயிடு, எலூபி. எனக்கு மூணு பிள்ளைங்க."

"சரி சார்" என்றாள். அவரைக் குறைசொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அவர் வெளியூர்க்காரர், போக இடமிருந்தது. அவளுக்கு இருந்த ஊர் இதுதான்.

இயந்திரத்தை அவள் நிறுத்தவில்லை. விசையருகே கையைக் கொண்டுபோய்விட்டுத் திரும்ப எடுத்தாள். அந்த இரைச்சல் ஊருக்குப் பழகியிருந்தது. வேன் போன அன்றே அது நின்றால், எடுத்த ரத்தத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்பார்கள், பார்க்க வருவார்கள் என்று நினைத்தாள். ஓடவிட்டாலும் வருவார்கள் என்றும் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் செய்யாமல் விடுவதுதான் அவளால் முடிந்தது.

வீட்டில் துசெகிலே பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்து, கண் உள்ளே போய், எழுந்து உட்காரக்கூட முடியாமல் இருந்தாள். வாசலில் நின்று அவளைப் பார்த்தபோதுதான் எலூபிக்கு அது உறைத்தது. ஊர் பேசுகிற கதையில் வருகிற பெண் இப்படித்தான் இருப்பாள். ரத்தம் வற்றிப்போன முகம். ஊர்ப் பாஷை தெரியாத வேற்றூர்ப் பெண், கூடத்தில் வேலை செய்கிறவளின் வீட்டுக்குள் கிடக்கிறாள்.

"அக்கா, வண்டி எப்போ வரும்?"

"வரும். நீ சத்தமா பேசாத. யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காத. அல்ஃபியோ பேசுவான்."

கதவை வெளியே பூட்டி, சாவியை இடுப்பு முடிச்சில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் சந்தை. அன்றும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்திருந்தவளைத் தேடிப் பகலில் ஊர்க்காரர்கள் வந்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் சவேரியோ மாமா சைக்கிளில் மேட்டை ஏறி வந்து, மூச்சு வாங்க, கூடத்தின் வாசலில் நின்றார்.

"வர்றாங்க. நான்தான் முன்னாடி நின்னு கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

"நீங்களா மாமா?"

"நான் இல்லன்னா வேற ஒருத்தன் கூட்டிட்டு வருவான். அவன் கையில மண்ணெண்ணெய் இருக்கும்." அவர் கதவைப் பார்த்தார். "உள்ள என்ன இருக்குன்னு எனக்குக் காட்டு. நான் பார்த்தேன்னு சொல்லணும்."

அவள் கதவைத் திறந்தாள். உள்ளே காற்றாடிகளின் இரைச்சலில் காதடைத்தது. குளிர் முகத்தில் அடித்தது. கறுப்பு அலமாரிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் சின்ன விளக்குகள் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன. மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டில் நடப்பதுபோல் நடந்தார். அலமாரிகளுக்குப் பின்பக்கம் போனதும் அப்படியே நின்றுவிட்டார்.

கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற குழாயில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எலூபியும் அதை முதல்முறையாகப் பார்த்தாள் என்று சொல்லவேண்டும். இத்தனை காலம் தன் கையால் ஊற்றியதை, மாமாவின் கண்ணால். 

"மாமா, அது மருந்துத் தண்ணி. வண்டி ராடியேட்டர்ல ஊத்துவாங்களே, அது. சாயம் போட்டிருக்கு." பீப்பாயைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துக் காட்டினாள். "பாருங்க, உறையல. மோந்து பாருங்க, இனிப்பு வாசனை."

மாமா முகரவில்லை. சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். உதடுகள் அசைந்தன, ஜெபம் போலிருந்தது. பிறகு கேட்டார்: "அல்ஃபியோ விரல்ல எடுத்தாங்களே. அதுவும் இந்த மெஷினுக்குள்ள இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் வாய்வரை வந்தது. "இருக்கு மாமா" என்றாள். "ரத்தம் இல்ல. அதுல இருந்த காய்ச்சல் கிருமி எப்படிப்பட்டதுன்னு எழுதின எழுத்து."

மாமா அவளைப் பார்த்தார். தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். "கதவை உள்ள பூட்டிக்க" என்று மட்டும் சொன்னார்.

கதவுக்கு மேலே கையகல ஜன்னல் ஒன்று இருந்தது. எலூபி பெட்டி மேல் ஏறி நின்று பார்த்தாள். விசில் சத்தம் முதலில் வந்தது. பிறகு ஆண்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள். வேற்று முகங்களாக இருந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. சர்ச்சில் மத்தளம் அடிக்கிறவர் வந்தார். அவளுக்குப் பிரசவம் பார்த்த பெண் வந்தாள். மார்கிதா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். எல்லோருடைய பெயரும் அவளுக்குத் தெரியும்.

மாமா வெளியே, கதவுக்குப் பக்கத்தில், குழாய்கள் வெளியே வருகிற சுவரை ஒட்டி நின்றார்.

"நான் உள்ள போயி பார்த்துட்டேன். இரும்பு அலமாரியும் காத்தாடியும்தான் இருக்கு. போங்க."

"காத்தாடிக்கு எதுக்குக் குழாயி?" என்றான் கூட்டத்தில் ஒருவன். கையில் கத்தி வைத்திருந்தான்.

"தண்ணி ஓட."

"என்ன தண்ணி? என்ன நெறம்?"

எலூபி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாமா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு இன்னும் சுவரோடு ஒட்டி நின்றார். 

"தண்ணிக்கு என்னடா நெறம் இருக்கும்? உங்கப்பன் வீட்டுத் தண்ணி என்ன நெறம்?"

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கூட்டம் கொஞ்சம் தளர்ந்ததுபோல் இருந்தது. ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு கல் வந்தது. மாமாவின் தலைக்கு மேலே பறந்து, சுவரிலிருந்து வெளிவரும் குழாய் மூட்டில் பட்டு விழுந்தது.

உள்ளே எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது. எலூபி பெட்டியிலிருந்து குதித்தாள். அழுத்தம் காட்டும் முள் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே எங்கோ ஒழுகுகிறது என்று அதற்கு அர்த்தம். சிவப்பாக ஒழுகும், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

வெளிக்குழாய்க்குப் போகும் வால்வை ஓடிப்போய்ப் பிடித்தாள். இறுகியிருந்தது. உள்ளங்கை தோல் உரிய உரியத் திருகினாள். வெளியே ஆட்கள் கத்துவது கேட்டது, என்ன சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை. பார்த்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். அல்ஃபியோவை நினைத்தாள், இடுப்பில் இருந்த சாவியை நினைத்தாள். தான் வெளியே வராமல் போனால் அந்தக் கதவை யார் திறப்பார்கள்? வால்வு அசைந்தது, பிறகு சுற்றியது, கடைசியில் மூடிக்கொண்டது. குளிர்ந்த தண்ணீர் வராமல் அலமாரிகள் வெந்துவிடும் என்று ஓடிப்போய் ஒவ்வொன்றாக அணைத்தாள். கடைசி அலமாரியின் காற்றாடி முனகி முனகி நின்றது.

கூடம் வந்த நாளிலிருந்து அந்த ஊர் கேட்டிராத அமைதி. வெளியேயும் யாரும் பேசவில்லை. இரைச்சல் நின்றது எல்லோர் காதிலும் விழுந்திருந்தது.

மாமாவின் குரல்தான் முதலில் கேட்டது. கரகரத்துப் போயிருந்தது. "செத்துருச்சு. கேட்டீங்கல்ல? இனி இங்க ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போங்க."

அவள் மறுபடி பெட்டி மேல் ஏறிப் பார்த்தாள். கூட்டம் மெதுவாகக் கலைந்துகொண்டிருந்தது. மார்கிதா மட்டும் ஒருமுறை திரும்பி ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனாள். மாமா அசையவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, கைகளை விரித்து, கடைசி ஆள் மேட்டுக்குக் கீழே இறங்கும்வரை அப்படியே நின்றார். பிறகுதான் விலகினார். உடைந்த மூட்டுக்குக் கீழே சுவரில் சிவப்புக் கறை வழிந்திருந்தது. மாமாவின் சட்டை முதுகு தோளிலிருந்து இடுப்புவரை நனைந்து சிவந்திருந்தது.

அவர் சட்டையைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை, கழற்றவும் இல்லை. "பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

எலூபி திகைத்தாள். "எந்தப் பொண்ணு?"

"உன் வீட்டுல காய்ச்சல்ல கெடக்கற பொண்ணு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? போ, வீட்டுக்குப் போ."

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். கூடத்திலிருந்து இறங்கிய கூட்டத்தில் ஒரு பகுதி பாலத்துப் பக்கம் போனது. அங்கே துவரை மூட்டை வாங்க வந்த ஒரு வெளியூர் வியாபாரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பையில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அவன் பயந்து ஓடினான். ஓடியதுதான் தப்பாகப் போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு அவன் இறந்தான். என் வாசலிலிருந்து போனவர்கள்தானே அங்கே போனார்கள் என்ற நினைப்பு எலூபியை விடவேயில்லை. யாரிடமும் அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, புருஷனிடம் ஒரே ஒருமுறை தவிர.

மறுநாள் போலீஸ் வந்தது. டாக்டர் சொன்ன வண்டியும் கூடவே வந்தது. துசெகிலேயைப் போர்வையோடு தூக்கி அதில் ஏற்றினார்கள். வியாபாரி அடிபட்டுச் செத்ததை விசாரித்த போலீஸ், அன்றைய கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் யார் என்று கேட்டபோது எல்லோரும் சவேரியோ என்றார்கள். அது பொய்யில்லை. அவர் வீட்டுக் கொடியில் சிவந்த கறையோடு ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எலூபி ஸ்டேஷனுக்குப் போனாள். ஒரு பாட்டிலில் அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். அதிகாரி பாட்டிலை முகர்ந்து பார்த்தார், சட்டையை முகர்ந்து பார்த்தார். "சரி, இது ரத்தம் இல்ல. ஆனா முன்னாடி நின்னது இவர்தானே?" என்றார். டாக்டர் கோண்ட்வே எழுதிக் கொடுத்தார், பாதிரியார் பேசினார். அப்படியும் மழை தொடங்கி, சோளம் விதைத்து, பயிர் முழங்கால் உயரம் வந்த பிறகுதான் அவரை விட்டார்கள். இருமலோடு, பாதி ஆளாகத் திரும்பி வந்தார்.

வந்த அன்று எலூபி சோளக்களியும் உசிப்பா என்ற பொடிமீன் கருவாட்டுக் குழம்பும் செய்து எடுத்துப் போனாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, அன்னைக்கு நான் சொன்னதை நம்புனீங்களா?"

"இல்ல."

"இப்போ?"

"இப்பவும் எனக்குத் தெரியல." விரலைக் கழுவினார். "உங்கம்மா சாகும்போது உன்னைத்தான் என் கையில குடுத்தா. அந்த மெஷினையா குடுத்தா? அதைப் பத்தி என்கிட்ட கேக்காத."

உதிரிபாகம் வந்து கூடம் மறுபடி இரைய ஆரம்பித்தது. மலேரியாக் கணக்கும் முடிந்தது. சுகாதார நிலையத்தில் ஒரு மாத்திரையை மாற்றினார்கள். அது எதனால் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. மாமா இன்றுவரை கூடத்தின் வழியாகப் போவதில்லை, ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போவார். எலூபிக்கோ சந்தை நாளில் விசில் சத்தம் கேட்டால் போதும், மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பவள் வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போவாள்.

போன வருஷம் அரசாங்கம் இன்னும் சில கிராமத்துக் கல்லூரிகளில் இப்படிப்பட்ட கூடங்கள் வைக்க முடிவு செய்தது. முதலாவது வடக்கே, கரோங்காவுக்கு மேற்கே மலைக்குள். அதை நிறுவி, ஆட்களைப் பழக்கிவிட்டு வர எலூபியைக் கேட்டார்கள். மாமாவிடம் சொன்னாள்.

"அங்க பாஷை வேற."

"ஆமா மாமா."

"உனக்கு அங்க மாமன் யாரு இருக்கா?"

 துசெகிலே இருக்கிறாள் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினாரே தவிர, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. ஆனால் பஸ் ஏறும் நாளில் விடிந்ததும் வந்து, பெட்டியைத் தன் சைக்கிளில் கட்டி ரோடுவரை கொண்டுவந்து விட்டார்.

அந்த மலையூரில் முதல் காலையில் எலூபி வாளியை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். கல்லூரியில் குழாய் இருந்தது. இருந்தும் போனாள். அவளைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவளுக்குத் தெரிந்த அவர்கள் பாஷை, கரோங்காவில் வந்து சேர்ந்துகொண்ட துசெகிலே பஸ்ஸில் சொல்லிக்கொடுத்த வணக்கம் மட்டும்தான். வாளியைக் கீழே வைத்து, முழங்காலை மடக்கி, அதைச் சொன்னாள். ஒருத்தியும் பதில் சொல்லவில்லை. மறுபடி சொன்னாள். நடுவயதுப் பெண் ஒருத்தி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உச்சரிப்பைத் திருத்தி அதே வணக்கத்தைத் திரும்பச் சொன்னாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, அவள் வாளி வைக்க இடம் விட்டாள்.